ஏறிப் பார்த்தேன்

ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கும்வரை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பார்த்ததுமே தெரிந்திருக்கும், போன மாதமும் இதே மாதிரி ஒன்று வந்ததே. ஆமாம், மன்னிப்புக் கடிதம்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நீ போட வேண்டும். மந்திரப் பள்ளி என்றுதான் பெயர், காகிதம் இல்லாமல் இங்கே ஓர் ஈகூடப் பறக்காது.

போன தடவை சாக்பீஸ் விஷயம். தானாக எழுதும்படி சாக்பீஸுக்கு மந்திரம் போடச் சொன்னார்கள். மற்றவர்களுடையது வாய்ப்பாடு எழுதியது. என்னுடையது ஆசிரியர் மனதில் நினைத்துக்கொண்டிருந்ததை எழுதிவிட்டது. "மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று, கொட்டை எழுத்தில்.

இந்தத் தடவை சலவை. விடுதியில் காய்ந்த துணிகளைப் பிரித்து அடுக்கும் முறை எனக்கு வந்தது. இருநூறு துணி. சோம்பல்பட்டு, 'உரியவரிடம் போ' என்று பொதுவாக ஒரு மந்திரம் போட்டேன். கொடியில் இருந்தவை அழகாகத்தான் போயின. அதோடு நிற்கச் சொல்ல மறந்துவிட்டேன். இரவல் வாங்கித் திருப்பித் தராத சட்டை, ஸ்வெட்டர், ஒற்றைக் காலுறை எல்லாம் அலமாரிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. கடைசியில் விடுதிக் காப்பாளர் அம்மா போர்த்தியிருந்த சால்வை அவர் தோளிலிருந்து எழுந்து, முற்றத்தைத் தாண்டி, கணக்கு வாத்தியார் அறைக்குள் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால். அதற்குத்தான் இந்தத் தாள். தண்டனை, ஒரு மாதம் சமையற்கட்டில் உதவி.

இருபதாம் தேதி பெற்றோர் தினம். போன வருடமும் நீ வரவில்லை. என் அறைத்தோழி கண்ணாடிக்காரியின் வீட்டார் மொத்தப் பேரும் வந்து என் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருடமாவது நம் வீட்டு ஆள் ஒருவர் அதில் உட்கார வேண்டாமா?

உன் மகள்,
வாலு

ஜூலை 11

என் வாலுக்கு,

அம்மா எண்ணெய்க் கையோடு எழுதுவது. ஓரத்தில் உள்ள கறையைப் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன், சால்வையில் தோற்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் "என்னங்க ஆச்சு?" என்றார். "என் பொண்ணு மந்திரப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா" என்றேன். அவர் கேட்டது அதையில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் இறங்கும்வரை சொன்னேன்.

வேலை எப்போதும் போல. நேற்று பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் பிரேக் தேய்ந்திருந்தது, மாற்றினேன். "முடிஞ்சுதுல்ல, கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு" என்று சூப்பர்வைசர் கீழே நின்று பறந்தார். பறக்கட்டும். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, நான் மட்டும் மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தேன். அப்புறம்தான் மோட்டார் அறையில் தொங்கும் நோட்டில் 'ஏறிப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான். சின்ன வயதில் நீ கேட்பாயே, "விழுந்துட்டா என்னம்மா பண்ணுவே?" என்று. "சரி பண்ணினது நான். விழுந்தா நான்தானே விழணும்" என்பேன். நீ அழுவாய். அப்புறம் உனக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

பெற்றோர் தினத்துக்கு வர லீவு கிடைக்காது கண்ணே. அதுவும் தவிர, உன் சேர்க்கைப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'உயரம் சார்ந்த பணி' என்று எழுதியிருந்தாயே. கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். பொய்யும் இல்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தாய். அந்தப் பணியில் இருப்பவர்கள் என்ன உடுத்துவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான்.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், கேள். இனி அவர்கள் என்ன தாளை நீட்டினாலும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிடு. நம் வீட்டிலிருந்து அந்த வாசலைத் தாண்டிய முதல் ஆள் நீ. முட்டி மோதி உள்ளே போனது பாதியில் வெளியே வருவதற்கு இல்லை.

உன் அம்மா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாவது தாள். கோபித்துக்கொள்ளும் முன் காரணத்தைக் கேள்.

இங்கே சமையற்கட்டு தரைத்தளத்தில், சாப்பாட்டுக்கூடம் ஐந்தாவது மாடியில். இரண்டுக்கும் நடுவே சுவரோரமாக ஒரு பெரிய மரப்பலகை மிதந்து ஏறும், இறங்கும். கயிறு இல்லை, கம்பி இல்லை, மந்திரம்தான். மாதம் ஒருமுறை மிதவை வாத்தியார் கீழே நின்று மந்திரத்தைப் புதுப்பிப்பார். சமையற்கட்டு அக்கா அண்டாவும் தட்டுகளுமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை அதில் போய் வருகிறார்.

தண்டனை நாட்களில் நானும் அக்காவோடு ஏறினேன். மூன்றாவது மாடி வந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பலகை குலுங்கியது. "நடுவுல இப்படி ஒரு குலுக்கு குலுக்கும் பாப்பா. பழகிடும்" என்றார். அவருக்கே இன்னும் பழகவில்லை என்பது மூடிய கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மா, மிதவை வாத்தியார் தினமும் ஐந்து மாடியும் படியேறித்தான் சாப்பிட வருகிறார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். வகுப்பில் எழுந்து கேட்டேன். "சார், நீங்க ஏன் பலகையில வர்றதில்ல?" வகுப்பே சிரித்தது. "முழங்காலுக்குப் பயிற்சி" என்றார். "பயிற்சி வேண்டாத சாரெல்லாம் இருக்காங்களே, அவங்களும் வர்றதில்லையே" என்றேன். அவ்வளவுதான். தாளில் 'ஆசிரியரை அவமதித்தேன்' என்று இருக்கிறது.

பெற்றோர் தினத்தன்று என் கட்டிலில் கண்ணாடிக்காரியின் சித்தப்பா தூங்கினார்.

உன் மகள்,
வாலு

ஆகஸ்ட் 7

வாலு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இது மூன்று. நான்காவது தாளோடு பெயரை எடுத்துவிடுவார்களா, இன்னும் ஒன்று உண்டா என்று விசாரித்து எழுது.

அந்தக் குலுக்கல் மேலே போகும்போது வருகிறதா, கீழே வரும்போதா? சுமை இருந்தால் மட்டுமா, வெறும் பலகைக்குமா? சரி, நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். உனக்கு அது வேண்டாத வேலை. புத்தகத்தைப் பார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கேட்காத கேள்விக்குப் பதில்: மேலே போகும்போது. சுமை இருந்தால் மட்டும்.

போன செவ்வாய் காலை குலுக்கலோடு நிற்கவில்லை. பலகை ஒரு முழம் கீழே இறங்கி நின்றது. அக்காவின் கையில் சூப் அண்டா. மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம். கட்டுப் போட்டுக்கொண்டு மதியமே மறுபடி ஏறினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் போய்ப் பலகைக்கு மேலே சுவரில், அழிக்க முடியாத எழுத்தில் எழுதினேன்: 'மந்திரம் போட்டவர் முதலில் ஏறவும்.'

மறுநாள் காலை சமையற்கட்டில் எல்லோரும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு அண்டாக்களைக் கீழே வைத்துவிட்டார்கள். முந்நூறு பேருக்கு மதியம்வரை சாப்பாடு இல்லை. கண்ணாடிக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அதற்கே தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுக்கலாம்.

இணைத்திருப்பது நான்காவது. இதுதான் கடைசி. இருபத்தெட்டாம் தேதிக்குள் உன் கையெழுத்தோடு திரும்ப வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'மிதவைப் பலகை முழுப் பாதுகாப்பானது என்று தெரிந்தும் பொய்யான அச்சத்தைப் பரப்பினேன்.'

நீ சொன்னபடியே வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பெயரே கோணலாக விழுந்துவிட்டது. அக்காவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் அம்மா. மந்திரம் போடும்போது எனக்கு விரல்நுனி சுடும், அது வேறு எங்கும் வராது. சீக்கிரம் போட்டு அனுப்பிவிடு.

உன் மகள்

ஆகஸ்ட் 23

என் தங்கத்துக்கு,

தாளை நான்கு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று சொன்னால் பொய், நேற்றுத்தான் வந்தது. நான்கு நாள் மாதிரி இருக்கிறது.

பிறந்ததிலிருந்து நீ என் பேச்சைக் கேட்டதில்லை. பால் குடி என்றால் துப்புவாய், இறங்கு என்றால் ஏறுவாய். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாய், அதுவும் நான் சொன்னதிலேயே ஆகத் தப்பான பேச்சை. அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு உன்மேல் இல்லை. பயந்து போய்ச் சொல்லிக் கொடுத்தது நான்.

உன் சாக்பீஸுக்கும் சால்வைக்கும் நான் கையெழுத்துப் போட்டேன் என்றால் அவை நடந்தவை. மூன்றாவதற்குப் போட்டிருக்கக் கூடாது, போட்டுவிட்டேன். இந்தத் தாளில் 'முழுப் பாதுகாப்பானது' என்று இருக்கிறது. நான் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை. ஏறிப் பார்க்காத எதற்கும் நான் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டதில்லை, போட மாட்டேன். உன் பெயர் அங்கே இருக்கிறதோ இல்லையோ, அது நடக்காது. பெயரை எடுத்தால் எடுக்கட்டும். விரல் சுடுகிறவளுக்கு வேறு வாசல் கிடைக்கும், இல்லாவிட்டால் நானே ஸ்பேனரால் ஒன்று திறக்கிறேன்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். முகத்தைச் சுளித்தார். பதினெட்டு வருடத்தில் நான் எடுக்காத லீவையெல்லாம் மாதம் மாதமாக நினைவுபடுத்தினேன், கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை காலை வருகிறேன். பலகையைக் கீழே நிறுத்தி வைக்கச் சொல். அக்காவிடம் நான்கு மூட்டை மாவு தயாராக இருக்கட்டும் என்று சொல்.

என்ன உடுத்துவது என்று இனி யோசிக்கப் போவதில்லை. வேலைக்கு வருகிறேன், வேலை உடுப்பில்தான் வருவேன். உனக்குச் சங்கடமாக இருந்தால் தெரியாத ஆள் மாதிரி தள்ளி நின்றுகொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உன் அம்மா

செப்டம்பர் 1

என் அம்மாவுக்கு,

நீ கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியதிலிருந்து கண்ணாடிக்காரி வியாழக்கிழமைக் கதையைப் பதினேழு பேருக்குச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் நீ பலகைமேல் ஒற்றைக் காலில் நின்றாய். இன்னும் இரண்டு நாளில் பறந்தே விடுவாய். அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், முக்கியமாக நீ பார்க்காததை.

நீ மாவு மூட்டைகளை ஏற்றி, பாதி நிரப்பிய தண்ணீர்ப் புட்டியை நடுவில் வைத்துப் பலகையை மேலே அனுப்பினாய் இல்லையா? புட்டி உருண்டு விழுந்ததும் நீ அண்ணாந்து பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தலைமையாசிரியை புட்டியைப் பார்க்கவில்லை. மிதவை வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நீ மூட்டைகளோடு தனியாக ஏறினாய். மூன்றாவது மாடியில் பலகை இறங்கியபோது நீ கண்ணை மூடவில்லை. நான் மூடிக்கொண்டேன். சமையற்கட்டு அக்கா என் கையைப் பிடித்திருந்தார், கட்டுப் போட்ட கையால். இறங்கி வந்து நீ கேட்டாய், "சார், ஒரு தடவ என்கூட வர்றீங்களா?" அவர் மாடிப்படியைப் பார்த்தார். "எனக்கு முழங்கால் வலி" என்றார். "முழங்கால் வலிக்கிறவங்களுக்குத்தானே சார் இது" என்றாய். நீ கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. இரண்டு வருடமாக முழு மந்திரமும் போடத் தெம்பில்லை, வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் சொன்னபோது நீ உன் தண்ணீரைக் கொடுத்தாய். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. போகாதது போல் இரண்டு நாள் நடித்தேன்.

நீ போன பிறகு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு நாள் மந்திரத்தைப் புதுப்பித்தார்கள். சனிக்கிழமை மிதவை வாத்தியார் முதலில் ஏறினார். மூன்று தடவை. அக்கா கீழே நின்று எண்ணினார். பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் நீ எழுதிய 'ஏறிப் பார்த்தேன், சரியில்லை'. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் 'ஏறிப் பார்த்தேன்'.

தலைமையாசிரியை நான்காவது தாளை என் கண்முன்னே கிழித்துவிட்டு, கேள்வி கேட்டதற்குப் போட்ட மூன்றாவதையும் தேடி எடுத்துக் கிழித்தார். சுவரில் எழுதியதற்கு மட்டும் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அழிக்க முடியாத எழுத்து என்பதால் அது அங்கேயேதான் இருக்கிறது. அவரும் அழிக்க ரொம்ப முயன்ற மாதிரி தெரியவில்லை.

இன்னொன்று. அன்றைக்கு நீ என் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாய். விரிப்பில் எண்ணெய்க் கறை விழுந்துவிட்டது. சலவைக்குப் போடவில்லை, போடப் போவதும் இல்லை. தள்ளி நின்றுகொள் என்று எழுதியிருந்தாயே, அதை நான் மறக்க ரொம்ப நாளாகும் அம்மா. அப்படி நீ நினைக்கும்படி எழுதி வைத்தது நான்தான்.

அதனால் நேற்று அலுவலகத்துக்குப் போய் என் சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். 'உயரம் சார்ந்த பணி' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'லிஃப்ட் மெக்கானிக்' என்று எழுதியிருக்கிறேன், கோணல் இல்லாமல். திருத்தத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

தாளை இணைத்திருக்கிறேன். ஐந்தாவது. நிதானமாகப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் போடு.

உன் மகள்,
வாலு