மவுஸ் என் பையில் இருக்கிறது

புகழ் மாமாவுக்கு,

நேற்று உங்கள் அக்கா நாற்காலியில், அவர் வீட்டுக்காரர் கட்டிலில், நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால். நான் கதவோரம் நின்றேன். "எம் பொண்டாட்டிக்கு மவுஸ் புடிக்கவே தெரியாது, பட்டனைத் தட்டிக்கினே கெடப்பா"ன்னு சொல்லிச் சிரித்தீர்கள்.

அதனால் திரையில் நீங்கள் தட்டித் திறக்கும் குட்டிப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மவுஸையும்தான். கீபோர்டில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கட்டம் வரும். அதில், வேண்டியதன் பெயரில் இரண்டெழுத்து அடித்தால் எதுவானாலும் உடனே திறக்கும். எந்தப் பட்டன் என்று முன்பே கற்றுக்கொடுக்க வந்தபோது, "போய் சோத்தப் பாரு"ன்னீங்க.

சோறு குக்கரில், கருவாட்டுக் குழம்பு அடுப்பில்.

மதியத்துக்குள் சேதராப்பட்டுக் கம்பெனிக்குக் கொட்டேஷன் அனுப்ப வேண்டுமாமே? போன் பண்ணுங்கள். அக்கா பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் சொல்வேன்.

– அருள்மொழி

பி.கு: அப்பளத்தைக் கருக்காதீர்கள். பசை இல்லை, இந்தக் கடிதத்தை மடித்து, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, கீபோர்டு மேல் வைக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.