பெரோக் கட்டிய கோப்பிக்கடை

4 மார்ச் 1978, சனி
தெலுக் ஆன்சன் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்தாயிற்று. மரத்திலிருந்து விழுந்ததில் வலது கால் முழுக்க மாவுக்கட்டு. காரைவிட்டு இறக்கியதும் "சீனி எங்க?" என்றார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ரம்புத்தான் மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது.

கொழுந்தன் அர்ச்சுனன் உள்ளே புதுச் சட்டை போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தான். "வித்துட்டேன் அண்ணி. ஈப்போவுல ஒரு கோப்பிக்கடைக்கு. அங்க மிருகத்தப் பாக்கவே ஆளு வருதாம்லா. அண்ணன் படுத்துக் கெடக்கிறப்ப அதுக்கு யாரு தீனி போடுறது?"

கைக்குக் கிடைத்தது தென்னை மட்டை. அது பிளக்கும்வரை அடித்தேன். உதடு கிழிந்து புதுச் சட்டையெல்லாம் ரத்தம். இன்னும் நாலு போட்டிருக்கலாம்.

சீனி தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்கு. குட்டியிலிருந்து அவர் பழக்கியது. இனி மரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீனி இருந்தால் இவர் ஏற வேண்டாம், கீழே நின்று கயிற்றைப் பிடித்தாலே வேலை நடக்கும். சீனி இல்லையென்றால் எங்கள் ஊர் ஹுத்தான் மெலிந்தாங்கில் இவருக்கு வேலை இல்லை, தோப்பில் கொடுத்த வீடும் இல்லை. இது அந்தத் தடியனுக்குத் தெரியாதா?

5 மார்ச்
எந்தக் கடை என்று சொல்லமாட்டேன் என்கிறான். வீங்கின வாயோடு சிரிக்கிறான்.

7 மார்ச், ஈப்போ
பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளிடம் இவரை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். புந்தோங்கில் தங்கை வீரம்மா வீட்டில் தங்கல். அவள் ஃபேக்டரிக்குப் போனதும் நான் பட்டணம் சுற்றக் கிளம்பினேன். மிருகம் வைத்திருக்கிற கோப்பிக்கடை எங்கே என்று வழியெல்லாம் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

முதல் கடையில் கூரை முழுக்க மெர்போக் புறாக் கூண்டுகள். ஆண்கள் கோப்பியை ஆறவிட்டு அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இருமியதற்கு ஒருவன், "டியாம்லா!" என்று வாயை மூடச் சொல்லி முறைத்தான். எந்தப் புறா நன்றாகக் கூவுகிறது என்று பந்தயமாம். ஒருத்தனுடைய புறா கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவன் கூண்டைத் திறந்தான், அதை வெளியே எடுத்தான், கழுத்தைத் திருகிச் சாக்கடையில் போட்டான். திரும்பி வந்து இன்னொரு கோப்பி சொன்னான்.

என் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

8 மார்ச்
இன்றைய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு. மத்தியானம் உயிரோடு வாத்துக் குஞ்சுகளைப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கடைக்காரர் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார்! சீனியை என்ன செய்கிறார்களோ என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்து ஓடி வந்தேன்.

9 மார்ச்
கிடைத்துவிட்டான்.

ரயிலடிப் பக்கம் சலாஹுதீன் என்பவர் கடை. தூணில் சங்கிலி. சிவப்புச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். வாயில் யாரோ சொருகிய சிகரெட். முதுகில் சுட்ட தழும்பு, எண்ண மனசு வரவில்லை. "சீனி" என்றேன். சிகரெட்டைத் துப்பிவிட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். வாயைத் திறந்தான். கோரைப்பல் இரண்டும் இல்லை. ஈறு புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது.

அடப்பாவிகளா, பல்லையாடா புடுங்குவீங்க!

மேசையிலிருந்த தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தேன். கடையே எழுந்து நின்றது. சலாஹுதீன் மட்டும் மெதுவாகப் பேசினார். "அக்கா, ஒரு ஆளு மண்டைல ஏறி, திருகுதிருகுனு திருகி, காதக் கடிச்சு எடுத்திருச்சு. நான் என்ன செய்ய? பைத்தியம் புடிச்ச பெரோக்க வித்துட்டான் ஒங்க ஆளு."

பைத்தியமா? சங்கிலியை யாராவது சுண்டினார்களா என்று கேட்டேன். ஆமாம், ஆடச் சொல்லி எல்லாரும்தான் சுண்டுவார்களாம். தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு தரம் சுண்டினால் ஏறு. இரண்டு தரம் சுண்டினால் திருகு. அதுதான் அவனுடைய வேலை. தேங்காய் இல்லாத இடத்தில் உருண்டையாக எது இருக்கிறது? தலைதானே? "போதும்" என்று சொன்னால் விட்டுவிட்டு இறங்கி வந்து, கடலைக்குக் கையை நீட்டுவான். அந்தச் சொல் அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அர்ச்சுனன் தோப்புப் பக்கமே போகாத துரை.

"வித்தவன் வந்து சொல்லட்டும்க்கா. குடுத்துடுறேன்" என்றார் சலாஹுதீன்.

10 மார்ச்
ஊருக்கு வந்தேன். சண்டை என்றால் அர்ச்சுனன் வரமாட்டான். "கடைக்காரரு ஒன்னப் பாக்கணும்னு சொல்றாரு" என்றதும் தலை சீவ உட்கார்ந்துவிட்டான்.

12 மார்ச், ஞாயிறு
எழுதித்தான் ஆகவேண்டும்.

கடையில் நல்ல கூட்டம். சலாஹுதீன் அர்ச்சுனனைப் பார்த்ததும், "நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே அவுத்து விட்டுர்றேன். பல்லு போன குரங்க வச்சு நான் என்ன செய்றது?" என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சீனிக்குக் கடலைகூட வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

இவன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டான். இத்தனை பேர் பார்க்கிறார்கள் அல்லவா! "எதுக்கு அவுக்கணும்? எங்க வீட்டுக் குரங்குலா இது. நான் சொன்னா என்ன வேணும்னாலும் செய்யும், பாருங்க." சங்கிலியைச் சுண்டினான். சிரித்தான். இன்னும் இரண்டு சுண்டு.

சீனி அவன் தோளில் ஏறி, தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். அர்ச்சுனன் அலறினான். காதோரம் தோல் உரிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. ஸ்டூல் சாய்ந்து பிடரி தரையில் மோதியது. அப்போதும் சீனி விடவில்லை. பிடித்த காயை அவன் விட்டதே கிடையாது.

எனக்கு அந்தச் சொல் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏன்? மாவுக்கட்டோடு கிடக்கிறவருக்காக. பிடுங்கின பல்லுக்காக. இவன் சிரித்த சிரிப்புக்காக. "அண்ணி... அண்ணி..." என்று என்னைத்தான் கூப்பிட்டான். நன்றாகத் திருகு என்று மனசுக்குள் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

சலாஹுதீன் கடைக்கதவு இழுக்கிற இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். சீனியை அடிக்கப் போகிறார் என்று தெரிந்த பிறகுதான் கத்தினேன். "போதும்!"

உடனே விட்டுவிட்டான். அர்ச்சுனனைவிட்டு இறங்கி, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடலைக்குக் கையை நீட்டினான். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கம்பி சீனியின் தலையில் இறங்கியது.

சலாஹுதீனை எப்படிக் குறை சொல்வேன்? அவர் ஒரு மனுஷனைக் காப்பாற்ற வந்தார்.

13 மார்ச்
சீனி செத்ததை வீட்டில் இவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

20 ஜனவரி 1980, புந்தோங்
அவருக்கு இங்கே ஒரு பட்டறையில் காவல் வேலை. நொண்டி நொண்டிப் போய் வருகிறார். அர்ச்சுனனும் எங்களோடுதான் இருக்கிறான், வேறு யார் பார்ப்பார்கள்? கழுத்து குனியாது, திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறான். அன்றைக்கு நான் ஏன் சும்மா நின்றேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.

அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பேசி வைத்துக்கொண்டதில்லை. சோறு நிறைந்ததும் அவர் தட்டின்மேல் கையை வைத்து மறைப்பார், நான் நிறுத்திக்கொள்வேன். அர்ச்சுனனுக்குத் தட்டு கண்ணில் படாது. அளவு பார்த்து நானே நிறுத்துவது வழக்கம்.

இன்று எங்கோ நினைப்பில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். சோறு தட்டைத் தாண்டிப் பாயில் விழுந்தது. அவன் சுவரையே பார்த்தபடி கையை மெதுவாக நீட்டி, என் மணிக்கட்டைத் தேடித் தொட்டான்.

"போதும், அண்ணி."

உடனே நிறுத்தினேன்.