கங்கை ஜலத்தில் உப்பு ஏது?

பவானிப்பூர், கல்கத்தா,
சாதாரண வருஷம், ஆவணி 20.

சௌபாக்கியவதி ஜகதாம்பாளுக்கு மஹாதேவன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு க்ஷேமம். உன் க்ஷேமத்தை எழுதவும் என்று இதற்கு முன் மூன்று கடிதங்களில் எழுதிவிட்டேன். உன் தமையன் ராஜாராமன் ஒரு கார்டில் 'எல்லோரும் சௌக்கியம்' என்று பதில் போட்டிருக்கிறான். அந்த எல்லோரில் நீயும் சேர்த்தியா என்று அவன் சொல்லவில்லை.

பங்குனியில் நீ அவனோடு நன்னிலத்துக்கு ரயிலேறி ஐந்து மாதமாகிறது. ரசத்தில் இரண்டு தடவை உப்பு போட்டாய் என்று சொன்னதற்காக ஒரு ஸ்திரீ ஆயிரம் மைல் போவாள் என்று நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. குழாயில் தோல் வளையம் இருக்கிறது, அந்தத் தண்ணீர் மடிக்கு ஆகாது என்றுதான் ஆள் வைத்து ஆதி கங்கையிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவரச் செய்தேன். "நான் ஒரு தடவைதான் போட்டேன். இன்னொரு தடவை போட்டது உங்க கங்கை" என்று நீ சொன்னதை நான் மன்னித்துவிட்டேன்.

நிலத்து சமாசாரம். பென்ஷன் வாங்கியதும் கரியாவுக்கு அப்பால் ஆற்றோரம் நான் குத்தகைக்கு எடுத்தேனே, அதில் கோடையில் கத்தரி நட்டு கங்கை ஜலத்தையே பாய்ச்சினேன். செடி கருகிற்று. தரையெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் பாய்ச்சினேன். இன்னும் பூத்தது.

பக்கத்து நிலத்து நிபாரண் மண்டல் ஒரு மண்கட்டியை நாக்கில் வைத்துப் பார்த்தான். கோடையில் கடல் தண்ணீர் இதுவரை ஏறி வரும், மஷாய், நீங்கள் பாய்ச்சுவது உப்புத் தண்ணீர் என்று மரியாதையாகத்தான் சொன்னான். விவசாய இலாகாப் பிரசுரங்கள் ஒன்பதை யார் உதவியும் இல்லாமல் படித்தவனிடம் சொல்லுகிறான். கங்கையில் உப்பு ஏது என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

அவன் போனதும், ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நானும் ஒரு கட்டியை நாக்கில் வைத்தேன். உடனே ஸ்நானம் செய்துவிட்டேன். ஸ்நானம் செய்த இடத்தில் ஒரு வாய் ஜலமும் குடித்தேன். அன்று வீட்டில் அதே ஜலத்தில், உப்பே போடாமல் ரசம் வைத்தேன். அதைப் பற்றி இங்கே விஸ்தாரமாக எழுத அவசியமில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பிரசுரத்தில் உள்ளபடியே. நிபாரணும் அதையே சொன்னான் என்பது தற்செயல். வரப்பை உயர்த்தி மடையை அடைத்தோம். ஆனி மழையைத் தேக்கி, உப்பு கரைந்ததும், ஆறு வடிகிற வேளையில் திறந்துவிட்டோம். இப்படி மூன்று தடவை. ஒரு தடவை நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் நல்ல வேளை பார்த்து நான் திறந்தேன். அது ஆறு ஏறுகிற வேளையாக இருந்தது. நிபாரண் இடுப்பளவு சேற்றில் இறங்கி அடைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்னே மடக்கி உழுதோம்.

இப்போது நாற்று நட்டுப் பதினைந்து நாள். பச்சை பிடித்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கட்டில் அகலத்துக்கு இன்னும் வெள்ளை தெரிகிறது. பனிக்காலத்தில் வைக்கோல் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அடியிலிருந்து உப்பு மறுபடி மேலே வரும். ஒரே வருஷத்தில் போகிற காரியமில்லை, விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறான் நிபாரண்.

சமையலுக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான். தர்ப்பை போட்டு வைத்தால் தோஷமில்லை என்று நானே தீர்மானித்தேன். இதனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. பருப்பு நன்றாக வேகிறது.

கார்த்திகைக் கடைசியில் அறுப்பு. முதல் கதிரை வீட்டு அம்மாள்தான் தலையில் வைத்து உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். அம்மா எங்கே என்று நிபாரண் பெண்டாட்டி தினமும் கேட்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஹௌராவுக்கு நானே வருவேன். எந்த ரயில் என்று மட்டும் உன் கையால் எழுது, ராஜாராமன் கையால் வேண்டாம்.

தீர்க்க சுமங்கலியாக இரு. அதற்கு ஆக வேண்டியதை நீதான் இங்கே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மஹாதேவன்