பிறந்த வீட்டுக் கோடி

தாம்பரம் சானடோரியம்
17-6-2007

அன்பு மகன் ஜெயவேலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை துர்காவும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மலேசியாவில் நீயும் புஷ்பலதாவும் பேத்தி பட்டுவும் அதேபோல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். முதலில் நல்ல சேதியை எழுதிவிடுகிறேன். துர்கா மகள் சக்திக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை ஆர்டர் வந்துவிட்டது, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஏசி பஸ்ஸில் போகப் போகிறாள். அவள் தம்பி கோபு பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு, காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் சேரப் போகிறான். நம் பட்டு இங்கிலீஷில் பேசிக் கோப்பை வாங்கியதை ரேஷன் கடை வரிசையில்கூட சொல்லிவிட்டேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் வீட்டில் இத்தனை படிப்பு என்று எனக்குப் பெருமைதான். ஆனால் இதையெல்லாம் யாரிடம் முதலில் ஓடிப்போய்ச் சொல்வேனோ அந்த என் அக்கா முத்தாலம்மாள் இல்லை.

நீ போன் செய்யும்போதெல்லாம் நான் துர்காவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று வருத்தப்பட்டாயாம். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வரவில்லை ஜெயவேலு, அதனால்தான் எழுதுகிறேன். போன மாசம் நான் அங்கே உன்னிடம் வந்திருந்தபோது, அந்த அறுவடைத் திருவிழாவுக்கு நாம் கிளம்பின காலையில்தான் பெரியம்மா மகன் மோகன்ராஜ் உனக்குப் போன் செய்து அவள் போய்விட்டாள் என்று சொன்னானாம். நீதான் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாயாம். எனக்கு ஒன்றும் தெரியாது. மேளம் மாதிரி தொங்கவிட்ட வெண்கலத் தட்டுகளை அந்த ஊர்க்காரர்கள் தட்ட, நான் பாசிமணி மாலை போட்டுக்கொண்டு அந்தப் பெண்களோடு கைகோத்து ஆடினேன். பச்சை மீனை எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்ததை முகம் சுளித்து ஒரு வாய் தின்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னும் கேட்டு வாங்கினேன். இலையில் பொட்டலம் கட்டின சோற்றை இரண்டு தின்றேன். கூடுவாஞ்சேரியில் என் அக்காவை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

மறுநாள் காட்டு ஆற்றில் படகில் போனோமே, குட்டை யானைகள் குட்டியோடு கரையேறின, மரத்தில் அந்தப் பெரிய மூக்குக் குரங்கு உட்கார்ந்திருந்தது. அப்படியே எங்கள் ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி இருக்குது, அக்காகிட்ட சொன்னா பாயில உருண்டு சிரிப்பா என்று நான் சொன்னேன். நீ படகுக்காரனிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டாய். புஷ்பலதா மட்டும் என் கையைப் பிடித்தாள், படகு ஆடுகிறது, அதனால் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசணும் என்றதற்குக் காட்டில் சிக்னல் இல்லை என்றாய். திரும்பும் வழியில் சந்தையில் பூப்போட்ட துணி ஒன்று அவளுக்கென்று எடுத்து, கலர் அவளுக்கு எடுக்குமா என்று உன்னையே கேட்டேன். எடுக்கும் என்றாய்.

ஊர் திரும்பிப் பிளேன் இறங்கினால், மீனம்பாக்கத்தில் மோகன்ராஜ் மட்டும் வந்து நின்றான். மொட்டைத் தலை. என்னடா, என்னை விட்டுட்டுத் திருப்பதி போயிட்டு வந்துட்டீங்களா, லட்டு எங்கேடா என்று அத்தனை ஜனத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டு கேட்டேன். அவன் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "அம்மா போயிடுச்சு சின்னம்மா" என்றான். பாவம் அந்தப் பிள்ளை, அவனிடம் அப்படிக் கேட்டேனே.

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று உனக்குத் தெரியும். யார் முதலில் போனாலும் மற்றவள் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துப் போய்ப் போர்த்த வேண்டும் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தோம். என் பெயரைச் சொல்லித் துர்கா புதுப் புடவை போர்த்தினாளாம். அவள் நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் துர்கா பிறந்தது உன் அப்பா வீட்டில், அது எப்படி எங்கள் வீட்டுக் கோடி ஆகும். எங்கள் வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. அவளைப் பிறந்த வீட்டு ஆள் இல்லாதவளாக அனுப்பிவிட்டார்கள். அந்தப் பூப்போட்ட துணியைக் காரியத்தன்று படையலில் வைத்தேன், அவள் மேல் போடவா முடிந்தது.

ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாலும் டிக்கெட் கிடைத்து வந்து சேர்ந்திருக்க முடியாது, உனக்கு பிரஷர், தனியாக பிளேனில் அழுதுகொண்டு எப்படி வருவாய் என்று நினைத்தேன் என்கிறாய். சரி, வந்திருக்க முடியாது. உன் வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேனே. அன்று ஒரு வாய் சோறு தின்னாமல் இருந்திருப்பேனே. அதையாவது எனக்கு விட்டிருக்கலாம். அம்மா ஆசைப்பட்டு வந்திருக்கிறாள், யானை பார்க்கட்டும் என்று நீ நினைத்தது எனக்குப் புரியாமல் இல்லை. உன் மேல் கோபம் இல்லை, நெஞ்சுதான் ஆறவில்லை. அடுத்த வருஷமும் வா என்கிறாய், இனி எந்தச் சேதியானாலும் அந்த நிமிஷமே என்னிடம் சொல்வேன் என்று பட்டு தலையில் கை வைத்துச் சொல், அப்புறம் பார்க்கலாம். மோகன்ராஜுக்கு நீயே போன் செய்து நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசு, பணம் அனுப்பினால் மட்டும் போதாது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், பட்டு இன்னும் பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டும். திருவிழாவில் எடுத்த படங்களை அனுப்பாதே, என்னால் பார்க்க முடியாது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று புஷ்பலதா துர்காவிடம் சொன்னாளாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், இளைத்திருந்தால் இளைத்தபடியே, அழுத முகமானாலும் அதே முகத்தோடு அனுப்பு.

உன் அம்மா
ஜீவரத்தினம்