கோட்டை முற்றத்துக் கல்

நோர்பரி, லண்டன்
12.05.1996

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை அருமைநாயகி எழுதுவது. நானும் இவரும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். என் குரலைக் கேட்டதும் ரெலிபோனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மச்சாள் வாசித்துக் காட்டுவா.

மகள் பிரமிளாவின் கலியாணம் ஆவணி முதல் ஞாயிறு. மாப்பிள்ளை வேதக்காரப் பெடியன் என்பதுதான் உங்கள் கோபம். அவனுடைய தகப்பன் கஸ்பருக்கும் எங்கள்மேல் அதே கோபம்தான். எங்கள் கோயிலுக்கு அவர்கள் வரமாட்டார்கள், அவர்களுடைய தேவாலயத்துக்கு நான் போகமாட்டேன். கடைசியில் பிரமிளாதான், "அம்மா, நான் கூரை போட்ட கோட்டையில செய்வம்" என்றாள்.

கோட்டை கென்ற் பக்கம் இருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்பு ஒரு பிரபு அயலவனுக்குப் பயந்து அகழி வெட்டிக் கட்டினானாம். பிறகு நெருப்புப் பிடித்துக் கூரை விழுந்து, நெடுங்காலம் உள்ளே ஆடு மேய்ந்திருக்கிறது. இப்போதைய சொந்தக்காரர் அதைத் திருத்தியபோது, இஞ்சினியராகச் சாரத்தில் ஏறி நின்றவள் உங்கள் மருமகள். இன்று அங்கே கம்பனிக் கூட்டம், கச்சேரி, கலியாணம் எல்லாம் நடக்கின்றன. ஆட்களைத் தடுக்கக் கட்டிய வாசலில் இப்போது தேநீர் கொடுக்கிறார்கள். இடம் பார்க்கப் போன அன்று கஸ்பரின் மனைவி றோஸ்மலரும் நானும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேக் சாப்பிட்டோம். சிரிக்காதீர்கள்.

மனேஜர் பெண் நல்லவள், ஆனால் கறார். மண்டபத்துக்குள் ஓமம் கூடாதாம், முற்றத்தில் வளர்க்கலாமாம். பழைய கல்லில் தேங்காய் அடிக்கவும் விடமாட்டாளாம். எங்கட கல்லை நாங்களே கொண்டு வாறம் என்றேன். டூட்டிங் கடைக்காரர் ஒரு கருங்கல் தேடித் தந்தார். அதைத் தூக்கிய இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

யார் உடைப்பது என்றும் அவள் கேட்டாள். தாலி ஏறும் நேரம் பெண்ணின் தாய்மாமன் உடைப்பார் என்று சொல்லிவிட்டேன். கஸ்பரும் தலையாட்டினார்.

அண்ணை, அப்பா இல்லாத என் கலியாணத்தில் என் கையைப் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். திட்டுவதென்றால் வந்து நேரில் திட்டுங்கள். தேங்காய் உடைக்க வேறு ஒருவரையும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

மாமா வருவாரோ என்று பிரமிளா கேட்பதில்லை. ஆனால் நேற்றுக் கோட்டைக்குப் போய், உங்கள் முழங்கால் நோவுக்குக் குனியத் தேவையில்லாமல், அந்தக் கல்லை வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டுவித்துவிட்டு வந்திருக்கிறாள்.

முருகன் உங்களைக் கூட்டிவரட்டும்.

உங்கள் தங்கை,
அருமைநாயகி