இரண்டு வருடம் தொடக் கூடாத வேலை

2023 நவம்பர் 14
அத்தாவின் ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சீசன் இல்லை, பஜாரே தூங்குகிறது. எதிரே பேக்கரி மாடியில் எங்கள் பழைய அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது.

ஐந்து பேர் இருந்தோம். உறைபனி விழப்போவதை முந்தின மாலையே விவசாயிகளின் போனுக்குச் சொல்லும் கருவியை அங்கேதான் செய்தோம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கம்ப்யூட்டர் திரை நனையும். அகிலன் தன் மஃப்ளரால் துடைப்பான். கீழே ரொட்டி வேகும் வாசனை. எப்போதும் பசி.

பெங்களூர்க்காரர்கள் நிறுவனத்தை வாங்கி, ஜூலையில் மூடினார்கள். கருவிகளும் நின்றன. சேரும்போது போட்ட கையெழுத்துக்கு மட்டும் உயிர் இருக்கிறதாம்: விலகியபின் இரண்டு வருடம் இதே மாதிரி வேலை எங்கும் செய்யக் கூடாது.

டிசம்பர் 3
மற்ற மூவரும் மலை இறங்கிவிட்டார்கள், வேறு ஏதேதோ வேலைக்கு. அகிலன் ஒரு ஹோம்ஸ்டேயில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

2024 ஜனவரி 9
கிளாவரையிலிருந்து ராஜகுமாரி அக்கா போன். எங்கள் முதல் கருவியை நட்டது அவர் தோட்டத்தில்தான். அன்று ஜீப்பில் போகும் வழியெல்லாம் பாட்டு.
"உருளைச் செடி பூராம் கருகிக் கெடக்கு தாயி. ஒங்க மிசினு ஏன் கூப்பிடல?"


ஜனவரி 10
புதிதாக நாமே செய்வோம் என்றேன். "கேஸ் போட்டா?" என்றான் அகிலன்.
போடுவாங்களா? போட்டா, அத்தா கடையை விக்கணுமா? எனக்குத் தெரிஞ்சதே இந்த ஒரு வேலைதான். இதைச் செய்யக் கூடாதுன்னா — அப்ப நான் யாரு?

ஜனவரி 22
பழனியில் வக்கீல் சண்முகசுந்தரியைப் பார்த்தோம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "வேலைய விட்டப்புறமும் பொழப்பத் தடுக்குற ஷரத்து நம்ம சட்டத்துல செல்லாதும்மா. அவங்க டிசைன், புரோகிராம் எதையும் தொடாதீங்க. நோட்டீஸ் வந்தா எடுத்துட்டு வாங்க."
செல்லாத காகிதத்துக்குப் பயந்தா மூணு பேரு ஊரை விட்டுப் போனாங்க? பஸ் மலை ஏறி முடியும்வரை அழுதேன்.

மே 2
புதுக் கருவி வேலையைத் தொடங்கிவிட்டோம் என்று தெரிந்து, மார்ச்சில் பெங்களூரிலிருந்து நோட்டீஸ் வந்தது. வக்கீல் பதில் அனுப்பினார். அப்புறம் சத்தமே இல்லை.

டிசம்பர் 19
புதுக் கருவி முதல்முறை எச்சரித்தது. ராஜகுமாரி அக்கா வெள்ளனே எழுந்து செடியில் தண்ணீர் தெளித்து, வெயில் படுவதற்குள் உறைபனியைக் கரைத்திருக்கிறார். செடி தப்பியது. "இந்தத் தடவ வெரசாவே கூப்பிட்டுருச்சு தாயி!"

2025 பிப்ரவரி 6
பாச்சலூர்ப் பெண் நதியாவை வேலைக்கு எடுக்கிறோம். நியமனக் கடிதத்தில் அகிலன் அதே ஷரத்தைச் சேர்த்திருந்தான்.
"எல்லாத்தையும் கத்துக்கிட்டு அவ போயிட்டா?" என்றான்.
"செல்லாதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"
"அவளுக்குத் தெரியாதுல்ல."
அழித்துவிட்டேன். மஃப்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் சாயங்காலம்தான் திரும்பி வந்தான்.

நவம்பர் 23
நதியா விலகிப்போய்ப் பாச்சலூரில் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறாள் — காப்பித் தோட்டங்களுக்கு மண்ணின் ஈரம் பார்த்துச் சொல்லும் கருவி. இன்று திறப்பு. அகிலன் வர மாட்டான் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

சின்ன அறை. அவளிடம் வேலை பார்க்கும் மூன்று பேரும், கருவியை எங்கே நடுவது என்று கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த எங்களைக் கவனிக்கவே இல்லை.

"நம்மளும் இப்படித்தான கத்துவோம்," என்றான் அகிலன்.

கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றோம்.