முட்டை உடையாத நாள்

உன் ஹெல்மெட்டின் உள்பஞ்சுக்குள்ளிருந்து இன்று காலை ஒரு கோழி இறகு விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசல் கேற்றடிக்குமாக நடக்கிறேன். இருக்க முடியவில்லை, புள்ள.

என் தம்பி கட்டாரிலிருந்து, ஒரே தையல் கடையில் வேலை செய்த நம் இருவருக்கும் சைக்கிள் ஹெல்மெட் கொண்டுவந்தபோது நீ சிரித்த சிரிப்பு! "இதப் போட்டுக்கிட்டுத் தையல் கடைக்குப் போனா நாவற்குடாவே சிரிக்கும்கா" என்றாய். என்னுடையது அலுமாரிக்கு மேலே போனது. நீ உன்னுடையதைச் சைக்கிள் கூடைக்குள் மல்லாத்தி வைத்து, பழந்துணி சுற்றி, தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்கும் முட்டைகளை அதில் கொண்டுபோனாய். தலைக்கு வெயில் படாமல் ஒரு கையில் குடை.

அன்று நாம் இருவரும் சைக்கிள்களில் வேலைக்குப் போகும்போது, வாவிக்கரை வளைவில் காற்று அந்தக் குடையைப் புரட்டியது. சைக்கிளோடு சரிந்தாய், பின்தலை கொங்கிறீட் விளிம்பில் அடித்தது. ரத்தம் வரவில்லை. நான் செய்த முதல் வேலை உன் சேலையை இழுத்து மூடியதுதான். "சுறுக்கா எழும்பு, ஆக்கள் பாக்காங்க" என்றேன். நீயும் வெட்கத்தில் எழும்பி, முட்டைகளைத்தான் பார்த்தாய். "ஒண்டும் உடையல்ல!" எவ்வளவு சந்தோசம் உனக்கு.

தையல் கடைக்கு வந்ததும் தலையிடி என்றாய். பிறகு மஞ்சள் தண்ணியாகச் சத்தி எடுத்தாய். காலையில் சாப்பிடாததால் வந்த பித்தம் என்று நினைத்து, பிளேன்ரீ தந்து, "கொஞ்சம் படு, சரியாயிரும்" என்றேன். நீ எழும்பவேயில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்ததாம். சத்தி எடுத்த உடனேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். அதை உன் வீட்டில் நான் சொல்லவில்லை.

இப்போது உன் மகள் அதே சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறாள். "பொடியனுகள் சிரிக்கானுகள், மாமி" என்று உன் ஹெல்மெட்டைக் கூடைக்குள் போட்டுவிடுவாள். இன்று காலையும் அப்படியே என் வாசலைத் தாண்டினாள். எனக்கு வந்ததே கோபம்! ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சத்தி எடுத்த உங்கட அம்மாவப் படுக்கச் சொன்னது நான்தான், மகள்."

அவள் அழவில்லை. ஹெல்மெட்டை எடுத்து உதறினாள். அப்போதுதான் இந்த இறகு விழுந்தது. தலையில் வைத்துக்கொண்டு, வார் தொங்கத் தாடையை என் பக்கம் நீட்டினாள். "பூட்டி விடுங்க." மாமி என்று கூப்பிடவில்லை.

போய்விட்டாள். என்னை மன்னித்தாளா, தெரியாது. வகுப்பு முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, நான் கேற்றடியில் நிற்கிறேன். "படு, சரியாயிரும்" என்ற என் குரல் காதை விட்டுப் போகவில்லை, புள்ள.